குடும்பத்தை ஆராய்வது எப்படி? எண்ணத் தொடங்கும் முன் முடிவுசெய்ய வேண்டியவை

குடும்பம் பற்றிய ஆய்வில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் வினாத்தாளைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். ‘உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?’ என்பது அதன் முதல் கேள்வி. பதிலாக ஓர் எண் வந்துவிடும். பதில் சொன்னவர் மனத்தில் ஒரு கணக்கு, கேட்டவர் மனத்தில் இன்னொரு கணக்கு, அட்டவணை போடுபவர் எடுத்துக்கொள்வது மூன்றாவது கணக்கு. முடிவுகளை எழுத உட்காரும்போதுதான் இது தெரியவரும். அப்போது திரும்பிப்போய்க் கேட்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டி வினாத்தாளுக்கு முந்தைய இடத்திலிருந்து தொடங்குகிறது.

முதலில் ஒரு வீட்டைக் காகிதத்தில் வரையுங்கள்

கற்பனையாக ஒரு வீடு. கணவரை இழந்த பாட்டி, வயது 68. அவருடைய மகள், 41. மகளின் கணவர், 45. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்காக வேறு நகரத்தில் தங்கிவிட்டு வார இறுதியில் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு முதல் மணத்தில் பிறந்த பையன், 14. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் தன் அப்பா வீட்டில். இரண்டாம் மணத்தில் பிறந்த சிறுமி, 6. பாட்டியின் இறந்துபோன அண்ணனுடைய மகன், 19. இங்கே தங்கிப் படிக்கிறான். மாடி அறையில் வாடகைக்கு ஒருவர். இரவுச் சாப்பாடு மட்டும் இவர்களோடு. பாட்டியின் மகன், 38, வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார்.

இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்?

நேற்றிரவு இந்த வீட்டில் தூங்கியவர்களை மட்டும் எண்ணினால், அது வேலைநாளாகவும் பையன் அப்பா வீட்டில் இருக்கும் வாரமாகவும் இருந்தால், ஐந்து பேர். வழக்கமாக இங்கே வசிப்பவர்கள் என்று எண்ணினால் மகளின் கணவர் உள்ளே வருகிறார். வாரநாட்களில் வெளியே வேலை பார்த்து வார இறுதியில் திரும்புபவருக்குக் குடும்ப வீடே வழக்கமான வசிப்பிடம் என்கின்றன, ஐநாவின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த கணக்கெடுப்புப் பரிந்துரைகள். பையன் சரிபாதி நாட்கள் இரண்டு வீட்டிலும் இருக்கிறான். விதி எழுதாவிட்டால் அவன் இரண்டு வீட்டிலும் எண்ணப்படுவான், அல்லது எங்குமே எண்ணப்படாமல் போவான்.

மாடியில் இருப்பவர்? ஐநா கணக்கெடுப்பு வழிகாட்டுதல்களில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. உணவுக்கும் அன்றாடத் தேவைகளுக்கும் கூட்டாக ஏற்பாடு செய்துகொள்பவர்கள் ஒரு குடித்தனம் என்பது ஒன்று. ஒரு குடியிருப்பில் வசிப்பவர்கள் எல்லாரும் ஒரு குடித்தனம் என்பது மற்றது. இரண்டாவதன்படி மாடிக்காரர் உள்ளே வருகிறார். முதலாவதன்படி, இரவுச் சாப்பாடு ஒன்று மட்டும் போதுமா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். அதே வழிகாட்டுதல்களில் உள்ள ‘குடும்பக் கரு’ என்ற இன்னொரு அலகுப்படி, தம்பதியும் (அல்லது தனியாக உள்ள தாயோ தந்தையோ) அவர்களோடு வாழும், தனக்கெனத் துணையோ பிள்ளையோ இல்லாத பிள்ளைகளும்தான் ஒரு கரு. இங்கே அது மகள், கணவர், பையன், சிறுமி என நான்கு பேர். மகள் தன் கருவைச் சேர்ந்துவிட்டதால் பாட்டி வெளியே நிற்கிறார்.

பையனுக்கு வந்த பரம்பரை நோயை ஆராயும் மரபியலாளருக்கோ இந்த வீட்டில் இல்லாத அவன் அப்பா கட்டாயம் வேண்டும். கூடவே வாழும் மாற்றாந்தந்தை அந்தக் கேள்விக்குத் தேவையில்லை. செலவு முடிவுகளை ஆராயும் பொருளியலாளருக்கு வெளிநாட்டுப் பணம் இல்லாமல் கணக்கே நிற்காது. மாடிக்காரர் சிறுமிக்குத் தினமும் பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்றால், அவளைக் கேட்டால் அவரையும் குடும்பம் என்று சொல்லக்கூடும்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வீடு, குடித்தனம், குடும்பம், சொந்தம் என்று நான்கு சொற்கள் தனித்தனியே வழக்கில் இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருக்கலாம். ஒரே குடும்பம் மூன்று வீட்டில் இருக்கலாம். சொந்தம் ஊரெல்லாம் இருக்கலாம். உங்கள் ஆய்வுக் குறிப்புகளில் இந்த நான்கையும் ஒருபோதும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

கேள்வி முதலில், வரையறை பிறகு

எது சரியான வரையறை என்று தேடுவதில் புதியவர்கள் நிறைய நேரம் இழக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் வரையறை இல்லை. இதை இந்தத் துறை பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1949-ல் 250 சமூகங்களின் தரவுகளை ஒப்பிட்டு ஒரு வரையறை தந்தார். ஒன்றாக வசிப்பது, பொருளாதாரத்தில் ஒத்துழைப்பது, பிள்ளை பெறுவது ஆகிய மூன்றும் சேர்ந்தது குடும்பம் என்றார். அதில் இரு பாலினப் பெரியவர்களும், சமூகம் ஏற்ற பாலுறவும், பெற்ற அல்லது தத்தெடுத்த பிள்ளையும் இருக்க வேண்டும். மத்திய கேரளத்து நாயர் சமூகத்தின் பழைய வழக்கத்தில் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழவில்லை; பெண்ணும் பிள்ளைகளும் தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டு வீட்டில் அவளுடைய சகோதரர்களோடு வாழ்ந்தார்கள். 1959-ல் கேத்லீன் கஃப் இதை எடுத்துக்காட்டித் திருமணத்தின் வரையறையையே மறுபடி எழுதினார். மர்டாக் கேட்ட ‘ஒன்றாக வசிப்பது’ அங்கே பொருந்தவில்லை. நம் கற்பனை வீட்டிலும் அது சரியாகப் பொருந்தாது. கணவர் ஐந்து நாள் இல்லையே.

நடைமுறையில் வரையறைகள் மூன்று வகை. யார் யாருக்கு என்ன உறவு என்று பார்ப்பது அமைப்பு வரையறை. பிறப்பு, திருமணம், தத்து ஆகியவற்றால் உறவுபட்டு ஒன்றாக வசிக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் என்னும் அமெரிக்க மக்கள்தொகை அலுவலகத்தின் வரையறை இந்த வகை. எண்ணுவதற்கு எளிது, ஆனால் மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பிள்ளையில்லாத இருவர் அதில் குடும்பமாக வரமாட்டார்கள். யார் யாரைப் பராமரிக்கிறார், யார் செலவைப் பார்க்கிறார் என்று கேட்பது செயல் வரையறை. யாரை அவர்களே குடும்பம் என்கிறார்கள் என்பது மன வரையறை. 1926-லேயே எர்னஸ்ட் பர்கஸ் என்ற சமூகவியலாளர் குடும்பத்தை ஊடாடும் ஆளுமைகளின் கூட்டு என்று சொல்லி மூன்றாவது பக்கம் சாய்ந்தார். 1996-ல் டேவிட் மார்கன், குடும்பம் என்பது ஒரு பொருள் அல்ல, அன்றாடம் செய்யப்படும் செயல்கள் என்ற பார்வையை முன்வைத்தார். தட்டில் சோறு போடுவதும் மருந்து எடுத்துக்கொடுப்பதும் பள்ளிக்குக் கூட்டிப்போவதும்தான் அப்போது தரவு.

குழந்தைகளின் உடல்நலம் பற்றிய கேள்விக்குச் செயல் வரையறை எடுங்கள். சோறூட்டுபவர் யார் என்பதுதான் அங்கே முக்கியம். வாரிசுரிமை பற்றிய கேள்விக்குச் சட்டம் சொல்லும் அமைப்பு வரையறை. தனிமை, ஆதரவு பற்றிய கேள்விக்கு மன வரையறை. தேர்ந்ததும் ‘இந்த ஆய்வில் குடும்பம் என்பது…’ என்று ஒரே வாக்கியம் எழுதி, பத்துச் சிக்கலான வீடுகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள்: விடுதியில் தங்கும் மகள், சிறையில் உள்ள தந்தை, பிரிந்தும் ஒரே வீட்டில் இருக்கும் தம்பதி, பேரப்பிள்ளையை மட்டும் வளர்க்கும் தாத்தா, சேர்ந்து வாழும் இரண்டு தோழிகள் போன்றவை. ஒவ்வொன்றிலும் யார் உள்ளே, யார் வெளியே என்று உங்களோடு வேலை செய்யும் இருவர் தனித்தனியாகக் குறிக்கட்டும். பத்தில் இரண்டுக்கு மேல் விடை மாறினால் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

இது சொல்விளையாட்டு அல்ல என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிழக்கு கிளீவ்லாந்து நகரம், ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று விதி வைத்து, குடும்பத்தை மிகக் குறுக்கி வரையறுத்திருந்தது. ஒரு பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்தார். பேரன்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் போன்ற உறவு. அந்த ஒரு காரணத்துக்காகப் பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1977-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த விதியைத் தள்ளியது. நீங்கள் எழுதும் வரையறையும் யாரையாவது வெளியே நிறுத்தும். நிறுத்துவது தெரிந்தே நடக்க வேண்டும்.

மற்றத் துறைகள் எதைக் கையில் எடுக்கின்றன

மானிடவியலின் அடிப்படைக் கருவி வம்சாவளி முறை. 1898-ல் டாரஸ் நீரிணைப் பயணத்தின்போது டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வகுத்தது. தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஆட்களின் பெயர்களைக் கேட்டு வரைபடம் போட்டார். ‘உன்னைப் பெற்ற தாயின் பெயர் என்ன? அவள் பெற்ற பிள்ளைகள் யார், வரிசையாகச் சொல். அவர்கள் யாரை மணந்தார்கள்?’ வரைபடம் முடிந்த பிறகுதான் ‘இவரை நீ என்ன முறை சொல்லி அழைப்பாய்?’ என்று கேட்டார். இந்த வரிசையை மாற்றக் கூடாது. முறைப்பெயரில் தொடங்கினால், ‘அம்மா’ என்பது பெற்றவளையா, பெரியம்மாவையா என்று தெரியாமலே படம் வளர்ந்துவிடும்.

முறைப்பெயர்கள் மொழிக்கு மொழி வேறு வேறு இடத்தில் கோடு கிழிக்கின்றன. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-ல் உலக உறவுமுறைகளைத் தொகுத்தபோது, வட அமெரிக்கச் செனகா மக்களின் முறையும் தமிழ் முறையும் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் கண்டார். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும் சித்தப்பாவும் மாமாவும் தமிழில் வேறு வேறு ஆட்கள். ஆனால் தமிழும் சில இடத்தில் சேர்த்துவிடும். நம் கற்பனை வீட்டுப் பாட்டி ‘மருமகன்’ என்று சொன்னால் அது மகளின் கணவரா, அண்ணன் மகனா? இருவருமே அவருக்கு மருமகன்தான். படிவத்தில் ‘மருமகன்’ என்று மட்டும் எழுதினால் 45 வயதுக்காரரும் 19 வயதுக்காரரும் ஒரே குறியீட்டில் விழுவார்கள். வேறு மொழியிலிருந்து வினாத்தாளைப் பெயர்ப்பவர்கள் உறவுச் சொற்களை ஒருபோதும் சொல்லுக்குச் சொல் மாற்றக் கூடாது. ‘மகளின் கணவர்’, ‘அண்ணன் மகன்’ என்று விரித்து எழுத வேண்டும்.

படம் வரையும்போது ஒரு சிறு எச்சரிக்கை. மானிடவியலாளர் ஆணுக்கு முக்கோணம் போடுவார். மரபியலாளரும், ஜீனோகிராம் என்னும் குடும்ப உறவுப் படம் வரையும் குடும்ப ஆலோசகரும் சதுரம் போடுவார்கள். பெண்ணுக்கு எல்லாரிடமும் வட்டம். மரபியல் படத்தில் ஆய்வு யாரிடமிருந்து தொடங்கியதோ அவருக்கு ஓர் அம்புக்குறி. ஜீனோகிராமில் குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். இறந்தவர்களும் பிரிந்தவர்களும் அதில் இடம்பெற வேண்டும், இடையில் உள்ள நெருக்கத்தையும் பகையையும் கோட்டின் வகையால் காட்ட வேண்டும். பல துறையினர் சேர்ந்து வேலை செய்தால் முதல் நாளே குறியீட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.

வரலாற்றாய்வாளர் பேசக்கூடிய ஆட்கள் இல்லாமல் வேலை செய்கிறார். பிரெஞ்சு மக்கள்தொகையியலாளர் லூயி ஆன்றி வகுத்த குடும்ப மீட்டுருவாக்க முறையில், தேவாலயப் பதிவேடுகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பெயர் பெயராக இணைத்து, ஒரு திருமணத்துக்கு ஒரு தாள் என நிரப்புவார்கள். நார்மண்டியில் உள்ள க்ரூலே கிராமம் பற்றிய ஆய்வு 1958-ல் இப்படித்தான் வந்தது. முறை அழகானது. அதன் பலவீனமும் தெளிவானது: ஊரைவிட்டுப் போனவர்களின் தாள் பாதியில் நின்றுவிடும். மிஞ்சுவது அங்கேயே பிறந்து, மணந்து, இறந்தவர்களின் கதை. அவர்களை வைத்து எல்லாரையும் பேசக் கூடாது.

பொருளியலில் ஒரு பழைய அனுமானத்தைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேரி பெக்கரின் வழியில் வந்த மாதிரிகளில் குடித்தனம் ஒரே மனம் உள்ளதுபோல் நடத்தப்பட்டது. யார் கையில் பணம் வந்தாலும் செலவு ஒன்றுதான். 1970-களின் கடைசியில் பிரிட்டன், பெரும்பாலும் தந்தையின் சம்பளத்தோடு வந்த குழந்தை வரிச்சலுகையைத் தாய் கையில் நேரடியாகக் கொடுக்கும் உதவித்தொகையாக மாற்றியது. லுண்ட்பெர்க், பொல்லாக், வேல்ஸ் ஆகிய மூவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாற்றத்துக்குப் பிறகு ஆண்கள் உடையோடு ஒப்பிடும்போது பெண்கள், குழந்தைகள் உடைக்கான செலவு கூடியிருந்தது தெரிந்தது. குடித்தனத்தின் மொத்த வருமானத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் இதன் நடைமுறைப் பாடம். ‘யார் கைக்கு வருகிறது, யார் முடிவில் செலவாகிறது’ என்ற இரண்டு பத்திகளைச் சேருங்கள்.

உறவு அட்டவணையை முழுதாக நிரப்புங்கள்

பெரும்பாலான படிவங்களில் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று மட்டும் கேட்பார்கள். நம் வீட்டில் தலைவர் என்று பாட்டியைக் குறித்தால் பையன் ‘பேரன்’, சிறுமி ‘பேத்தி’. அவ்வளவுதான். இருவருக்கும் அப்பா வேறு என்பதும், மகளின் கணவர் பையனுக்கு மாற்றாந்தந்தை என்பதும் தாளிலிருந்து மறைந்துவிட்டன. மறுமணக் குடும்பங்கள் பற்றி ஆராய நினைத்தவருக்கு இந்தத் தரவு பயன்படாது.

இதற்கு மாற்று, ஒவ்வொருவருக்கும் மற்ற ஒவ்வொருவரும் என்ன உறவு என்று கேட்கும் கட்ட அட்டவணை. ஆட்கள் எண்ணிக்கையை, அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் கேட்க வேண்டிய இணைகள் கிடைக்கும். நான்கு பேர் என்றால் 6, ஆறு பேர் என்றால் 15, எட்டுப் பேர் என்றால் 28. எட்டுப் பேருக்குக் கேட்பது சலிப்பூட்டும். வயது வரிசையில் பெரியவரிடமிருந்து தொடங்குங்கள். தானாகத் தெரியும் இணைகளை நீங்களே நிரப்பி, ‘சரிதானே?’ என்று உறுதிசெய்யுங்கள். ஆனால் பெற்றோர்-பிள்ளை இணைகளை மட்டும் ஊகிக்கவே கூடாது. ‘பெற்றது, தத்து, துணையின் பிள்ளை, வளர்ப்பு’ என்ற நான்கு தெரிவுகளையும் வாய்விட்டு வாசியுங்கள். வாசிக்காவிட்டால் எல்லாரும் ‘மகன்’ என்றே சொல்லிவிடுவார்கள். அன்பாக அப்படிச் சொல்கிறார்கள்; தரவில் அது தகவல் இழப்பு.

ஏற்கெனவே உள்ள கணக்கெடுப்புத் தரவை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தொகுப்பில் ஒவ்வொருவரின் தாய், தந்தை, துணை அதே குடித்தனத்தில் எத்தனையாவது வரிசையில் இருக்கிறார்கள் என்று காட்டும் மாறிகள் உண்டு. மிகவும் பயனுள்ளவை. ஆனால் பல கணக்கெடுப்புகளில் அவை நேரடியாகக் கேட்டவை அல்ல. வயது, வரிசை, தலைவருக்கு உள்ள உறவு ஆகியவற்றிலிருந்து விதிப்படி ஊகித்தவை. எந்த விதியால் இணைப்பு ஏற்பட்டது என்று காட்டும் மாறியையும் சேர்த்தே இறக்குங்கள்.

குடித்தனங்களை வகைப்படுத்த, பீட்டர் லாஸ்லெட்டும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் 1972-ல் பரவலாக்கிய வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தனியாள், குடும்பமாக அமையாதவர்கள், எளிய குடும்பம், விரிந்த குடும்பம், ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதி அலகுகள் கொண்ட கூட்டு எனப் பெரிய வகைகள் ஐந்து. நம் வீடு விரிந்த குடும்பம்: பாட்டியால் மேல்நோக்கியும், 19 வயது இளைஞனால் பக்கவாட்டிலும் விரிந்திருக்கிறது. மாடிக்காரர் அந்த வகைப்பாட்டில் குடித்தனத்தில் சேரமாட்டார், அதே கட்டடத்தில் வசிக்கும் எல்லாரையும் குறிக்கும் ‘வீட்டுக்கூட்டத்தில்’ மட்டும் சேருவார்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

ஒரு வீட்டுக்கு ஒருவரைக் கேட்டால் செலவு குறைவு. கிடைப்பது அந்த ஒருவரின் குடும்பம். 1979-ல் ராஸ், சிக்கோலி என்ற உளவியலாளர்கள் தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே குறிக்கச் சொன்னார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. தான் செய்த வேலை தனக்கு நன்றாக நினைவிருக்கும். நேரம் பற்றிய கேள்விக்கு மதிப்பீடு கேட்காமல் 24 மணி நேரக் குறிப்பேடு கொடுங்கள். பத்து நிமிடக் கட்டங்கள் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் முதன்மையாகச் செய்தது, கூடவே செய்தது, யாரோடு என்ற மூன்று பத்திகள். ‘கூடவே செய்தது’ பத்தியை விட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரும்பகுதி காணாமல் போகும். சமைத்துக்கொண்டேதான் பிள்ளையைப் பார்ப்பார்கள். ஒரு வேலைநாளும் ஒரு விடுமுறை நாளுமாக இரண்டு நாளாவது எழுதச் சொல்லுங்கள்.

இருவரைக் கேட்டு விடைகள் மாறினால் சராசரி எடுத்து ஒன்றாக்கிவிடாதீர்கள். இரண்டு பத்தியிலும் இரண்டு விடைகளாக வையுங்கள். வேறுபாடே சில ஆய்வுகளில் முக்கியக் கண்டுபிடிப்பு.

புள்ளியியலில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறும் இங்கேதான். 100 தம்பதிகளைக் கேட்டுவிட்டு 200 தனி ஆட்கள் போல ஓட்டுகிறார்கள். ஒரே வீட்டு ஆட்களின் விடைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. கணிப்பின் பிழை தவறாக வரும். இந்தச் சார்பைக் கணக்கில் எடுக்கும் பல அடுக்குப் புள்ளியியல் மாதிரி, அல்லது தம்பதிகளுக்கென உள்ள இணைமாதிரி பயன்படுத்துங்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றிச் சொல்லும் ஆய்வில் நான்கு பேர் குடும்பத்துக்கு 12 திசைகள் உண்டு: அம்மா மகனைப் பற்றி, மகன் அம்மாவைப் பற்றி என எல்லாம் தனித்தனி வரிகள். தரவுத் தாளை ஆரம்பத்திலேயே அப்படி அமையுங்கள். பிறகு மாற்றுவது நரகம்.

யாரைக் குடும்பமாக நினைக்கிறார்கள் என்று அறிய, நடுவில் ‘நான்’ என்று எழுதி மூன்று வட்டங்கள் வரைந்து கொடுக்கலாம். மிக நெருக்கமானவர் உள்வட்டத்தில். இறந்தவர்களின் பெயர் வரும். நாயின் பெயர் வரும். அழிக்கச் சொல்லாதீர்கள். நீங்களாகப் பெயர்களை எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்.

யாரிடமிருந்து தொடங்குகிறீர்களோ அதைப் பொறுத்து எண் மாறும்

இதை ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மறக்காது. நான்கு பெண்கள். ஒருவருக்குப் பிள்ளை இல்லை, ஒருவருக்கு 1, ஒருவருக்கு 2, ஒருவருக்கு 5. மொத்தம் 8 பிள்ளைகள். பெண்ணுக்குச் சராசரி 2. இப்போது அந்த எட்டுப் பிள்ளைகளிடம் போய் ‘உன் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று கேளுங்கள். ஒருவர் 1 என்பார், இருவர் 2 என்பார்கள், ஐவர் 5 என்பார்கள். கூட்டினால் 30, எட்டால் வகுத்தால் 3.75. ஒரே ஊர், ஒரே தலைமுறை, ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். பெரிய குடும்பம் அதிகப் பிள்ளைகள் வழியாக மாதிரியில் விழுகிறது. பிள்ளை இல்லாதவரைப் பற்றிச் சொல்ல யாருமே இல்லை. பள்ளி மாணவர்களைக் கேட்டுக் குடும்ப அளவு கணக்கிடும் ஆய்வுகளில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. பிள்ளைகளிடமிருந்து தொடங்கியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு விடைக்கும் பிள்ளை எண்ணிக்கையின் தலைகீழை (5 பிள்ளைகள் என்றால் 1/5) எடையாகக் கொடுங்கள். அப்போதும் பிள்ளையில்லாதவர்கள் கணக்கில் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

ஒருநாள் படம் ஏமாற்றும்

ஒரு கணக்கெடுப்பில் கூட்டாக வாழும் வீடுகள் சிலவே தெரிந்தால், மக்கள் கூட்டாக வாழ்வதில்லை என்று முடிவுகட்டத் தோன்றும். லட்ஸ் பெர்க்னர் 1972-ல் ஆஸ்திரிய உழவர் குடித்தனங்களை வைத்து இதற்கு மறுப்புச் சொன்னார். மகன் மணம் முடித்துப் பண்ணையை ஏற்கும்போது பெற்றோர் உடன் இருப்பார்கள். பெற்றோர் இறந்ததும் அதே வீடு தனிக்குடும்பமாகத் தெரியும். பண்ணையை ஏற்றவரின் மகன் மணந்தால் மறுபடி விரியும். எல்லாரும் ஒரே விதியைப் பின்பற்றினாலும் எந்த ஒரு நாளிலும் சிலர்தான் அந்தக் கட்டத்தில் இருப்பார்கள். ஒருமுறை மட்டும் கேட்க முடிந்தால், தலைவரின் வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

தொடராய்வு நடத்த வசதி இருந்தால், ‘யாரைத் தொடர்வது’ என்ற விதியை முதல் சுற்றிலேயே எழுதிவிடுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968-ல் சுமார் 5,000 குடும்பங்களோடு தொடங்கிய வருமான இயக்கத் தொடராய்வு இன்றுவரை நடக்கிறது. அது வீட்டைத் தொடரவில்லை, ஆட்களைத் தொடர்கிறது. பிள்ளை வளர்ந்து வேறு வீடு போனால் அந்த வீடும் ஆய்வுக்குள் வருகிறது. குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்து அதையே ஆண்டுக்காண்டு தொடர நினைத்தால், மணமுறிவு ஏற்பட்ட அன்று அந்த எண் யாருடையது என்ற கேள்விக்கு விடை இருக்காது. ஆளுக்கு நிரந்தர எண், குடித்தனத்துக்குச் சுற்றுவாரி எண் என்று இரண்டாக வையுங்கள்.

ஒப்புதலும் உள்வீட்டு ரகசியமும்

மற்ற ஆய்வுகளில் பெயரை மறைத்தால் பெரும்பாலும் போதும். குடும்ப ஆய்வில் போதாது. ‘68 வயதுப் பெண்’ என்று எழுதினாலும் அந்த வீட்டுக்காரர்கள் அறிக்கையைப் படித்தால் அது யார், அவர் தங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே வீட்டின் இரண்டு பேட்டிகளை அருகருகே மேற்கோள் காட்டாதீர்கள். தேவைப்பட்டால் கருத்துகளை வீடு வாரியாக அல்லாமல் பொருள் வாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

தலைவர் சம்மதித்தார் என்பது மற்றவர்களின் சம்மதம் ஆகாது. ஒவ்வொருவரிடமும் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் கேளுங்கள். சிறுவர்களிடம் பெற்றோர் ஒப்புதலோடு அவர்களின் சொந்தச் சம்மதமும் வேண்டும். பையன் தோளைக் குலுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தால் அது சம்மதம் அல்ல. வீட்டு வன்முறை பற்றிய கேள்வி இருந்தால் உலக சுகாதார நிறுவனம் 2001-ல் தந்த பாதுகாப்பு நெறிகளைத் தவறாமல் பின்பற்றுங்கள்: ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பது, முழுத் தனிமை உறுதியான பிறகே கேட்பது, வெளியே ஆய்வின் பெயரை வன்முறை என்று சொல்லாமல் உடல்நலம் போன்ற பொதுப்பெயரில் சொல்வது. யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற, தீங்கற்ற கேள்விகள் கொண்ட இன்னொரு தாளைக் கையில் வைத்திருங்கள். உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியலைச் சிறியதாக, மறைத்துவைக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள்.

ஐந்தாறு வீடுகளில் முன்னோட்டம் பாருங்கள். அதில் ஒன்றாவது மறுமணக் குடும்பமாகவும், ஒன்றாவது யாரோ ஒருவர் வெளியூரில் இருக்கும் குடும்பமாகவும் இருக்கட்டும். படிவம் எங்கே உடையும் என்று அந்த இரண்டுமே காட்டிக்கொடுத்துவிடும். முன்னோட்டத்திலேயே யாராவது ஒருவர் பேட்டி முடிந்து எழுந்திருக்கும்போது, ‘அவள் என்ன சொன்னாள்?’ என்று மெதுவாகக் கேட்பார். அதற்கான பதிலை முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள். ‘நீங்கள் சொன்னதை அவரிடம் சொல்ல மாட்டேன்; அதேபோல்தான் இதுவும்’ என்று சொல்லிவிட்டு, நோட்டை மூடிப் பையில் வையுங்கள்.